8கே வேண்டுமா, 4கே போதுமா? வீடியோ கேமரா வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கேமராக் கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்லும் எண் ரெசல்யூஷன், அதாவது படத்திலுள்ள பிக்சல் என்னும் புள்ளிகளின் எண்ணிக்கைதான். "இது 4கே, அது 6கே, பட்ஜெட் இடம் கொடுத்தால் 8கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் அடுக்கும்போது, எண் கூடக்கூடப் படமும் அதே அளவுக்கு மேம்படும் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை எந்த இடம் வரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பரதநாட்டிய அரங்கேற்றங்களையும் திருமணங்களையும் பதிவு செய்பவன் என்பதால் அவ்விரண்டையுமே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். குறும்படம் எடுப்பவரும் யூடியூப் சேனல் நடத்துபவரும் தம் வேலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

அடிப்படை எண்கள் இவை. ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே என்று கடையில் சொல்லப்படுவது 3840 × 2160, சுமார் 83 லட்சம் பிக்சல். 8கே என்பது 7680 × 4320, சுமார் 3.32 கோடி பிக்சல். ஒவ்வொரு படியிலும் பிக்சல்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஆனால் ஒரு கோட்டில் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் இரண்டு மடங்குதான் கூடுகிறது. சேமிப்பிடமும் சூடும் எடிட்டிங் நேரமும் அந்த நான்கு மடங்கின் பக்கம்தான் சாய்கின்றன என்பதை வாங்கிய பிறகே பலரும் உணர்கிறார்கள்.

முதல் படி: பார்க்கும் திரையிலிருந்து தொடங்குங்கள்

கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன், முடிந்த வீடியோவை யார், எந்தத் திரையில், எவ்வளவு தொலைவில் அமர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயல்பான பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் உள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் எளிய வழி உண்டு: திரையின் அகலத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையை 3438-ஆல் பெருக்கினால், எந்தத் தொலைவுக்கு அப்பால் அந்தப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் போகும் என்பது கிடைத்துவிடும்.

43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் ஃபுல் எச்டி படம் ஓடினால், ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஏறத்தாழ 1.7 மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு அந்தப் படமும் 4கே படமும் ஒன்றுபோலத்தான் தெரியும். 55 அங்குலத் தொலைக்காட்சிக்கு அந்த எல்லை 2.2 மீட்டர். நம் வீடுகளில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இரண்டரை, மூன்று மீட்டர் இருப்பது சாதாரணம். கூர்மையான பார்வை உள்ள இளைஞர்கள் இந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியும் வேறுபாட்டைக் காண்பார்கள். ஆனால் அவர்களும் 4கேக்கும் 8கேக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டுமானால் 55 அங்குலத் திரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கைபேசியின் நிலையும் இதுதான்: கிடைமட்டமாகப் பிடித்தால் 15 செ.மீ. அகலம் வரும் திரையை 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்ப்பவருக்கு ஃபுல் எச்டியே முழு நிறைவைத் தந்துவிடுகிறது.

பெரிய திரை என்றால் அதிக ரெசல்யூஷன் தேவை என்ற எண்ணத்தால் பலர் ஏமாறும் இடம் திருமண மண்டபத்து எல்இடி வால் (விளக்குப் புள்ளிகளால் ஆன சுவர்த்திரை). வாடகைக்கு வரும் வால்களில் பி3 என்ற வகையில், விளக்குப் புள்ளிகள் 3 மி.மீ. இடைவெளியில் பதிக்கப்பட்டிருக்கும். 12 அடி அகலமுள்ள வாலில் அப்படிப் பார்த்தால் சுமார் 1,220 புள்ளிகள்தான் உள்ளன. அது ஃபுல் எச்டியைக்கூட முழுதாகக் காட்ட இயலாத திரை. "வாலில் போடுவதற்கு 4கேயில் அனுப்புங்கள்" என்று கேட்கும் குடும்பத்தினரிடம் இதை விளக்க முயன்று நான் வென்றதே இல்லை என்பதால், இப்போதெல்லாம் கேட்டபடியே அனுப்பிவிடுகிறேன். திரையரங்குகளிலும் 2048 × 1080 அளவுள்ள 2கே ப்ரொஜக்டர்கள் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

யூடியூப் மட்டும் இந்தக் கணக்கில் ஒரு விதிவிலக்கு. பதிவேற்றுவோருக்கு அந்தத் தளம் பரிந்துரைக்கும் பிட்ரேட் (ஒரு நொடிக்கான தரவு அளவு) ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 8 மெகாபிட், 4கேக்கு 35 முதல் 45 மெகாபிட் வரை. பார்ப்பவருக்கு அனுப்பும்போதும் 4கே கோப்புக்கு அதிகத் தரவு ஒதுக்கப்படுகிறது. ஆகவே ஃபுல் எச்டி திரையில் பார்ப்பவரும் 4கே தரத்தைத் தேர்ந்தெடுத்தால், நடனக் கலைஞரின் வேகமான ஜதியின்போது படம் கட்டம் கட்டமாக உடைவது குறையும். இந்தப் பயன் அதிகப் பிக்சல்களால் வருவதன்று. அதிகத் தரவால் வருவது.

இரண்டாம் படி: எவ்வளவு வெட்டப்போகிறீர்கள் என்று கணக்கிடுங்கள்

பார்ப்பதற்கு ஃபுல் எச்டி போதும் என்றால் 4கே எதற்கு என்ற கேள்வி எழும். எடுத்த படத்தை எடிட்டிங் மேசையில் வெட்டுவதற்கு என்பதே என் விடை. கூடுதல் பிக்சல்களுக்காகப் பணம் கொடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

12 மீட்டர் அகல மேடை முழுவதும் ஃப்ரேமுக்குள் வரும்படி, அரங்கின் பின்புறம் டிரைபாடில் ஒரு கேமராவை நிறுத்தியிருக்கிறோம் என்று கொள்வோம். 4கேயில் ஒரு மீட்டருக்கு 320 பிக்சல் கிடைக்கும். இறுதி வீடியோ ஃபுல் எச்டி என்றால், தரம் குன்றாமல் அந்த மேடையில் 6 மீட்டர் அகலப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நடனக் கலைஞர் நகரும் பக்கமெல்லாம் ஃப்ரேமையும் நகர்த்திச் செல்லலாம். ஒரே கேமராவில் முழு மேடைக் காட்சியும் நெருங்கிய காட்சியும் கிடைத்துவிடுகின்றன. கேமராமேன் ஒருவரின் சம்பளம் மிச்சமாவதோடு, குழு நடனத்தில் ஒருவரைத் தொடர்ந்து சென்று மற்றவரைத் தவறவிடும் அபாயமும் நீங்குகிறது.

ஆனால் இந்த வழி அபிநயத்தில் தோற்றுவிடும். தலையுச்சி முதல் தாடை வரை 22 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே 4கே ஃப்ரேமில் முகத்துக்குக் கிடைப்பது 70 பிக்சல். ஃபுல் எச்டியில் 35, 8கேயில் 140. பதம் ஆடும்போது கண்ணும் புருவமும் பேசுவதைக் காட்ட, முகம் திரை உயரத்தில் பாதியையாவது நிரப்ப வேண்டும். அதற்கு 540 பிக்சல் தேவை. பின்வரிசையில் நிற்கும் 8கே கேமராவாலும் அதை எட்ட முடியாது. தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 70–200 மி.மீ. டெலி லென்ஸ் மாட்டிய பழைய ஃபுல் எச்டி கேமராவையும், ஆட்டம் தெரிந்த ஒருவரையும் அதன் பின்னால் நிறுத்தினால் எட்டிவிடலாம். 8கே கேமரா ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் 4கே கேமரா ஒன்றும் நல்ல டெலி லென்ஸ் ஒன்றும் வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ரீல்ஸ் தேவைப்படுவோர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கிடைமட்டமாக எடுத்த 4கே ஃப்ரேமிலிருந்து 9:16 செங்குத்துப் பகுதியை வெட்டினால் 1215 × 2160 கிடைக்கிறது. ரீல்ஸுக்குத் தேவையான 1080 × 1920 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஃபுல் எச்டியிலிருந்து வெட்டினால் 607 × 1080 மட்டுமே மிஞ்சும். தாலி கட்டும் காட்சியைக் குடும்பத்தாரின் தொலைக்காட்சிக்கும் மணமகளின் இன்ஸ்டாகிராமுக்கும் ஒரே கேமராவில் எடுக்க வேண்டியவருக்கு இன்று 4கே கட்டாயம் என்றே சொல்வேன்.

வீடியோவிலிருந்து புகைப்படம் எடுத்து ஆல்பத்தில் சேர்க்கலாம் என்று சொல்லி 8கேயை விற்பவர்களும் உண்டு. 4கே ஃப்ரேம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் 12.8 × 7.2 அங்குலம் வரும். பிக்சல் அளவில் அது தாராளம். ஆனால் வீடியோவை நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேம் ஒளியை வாங்கும் நேரத்தை, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் வைப்பதே வழக்கம். அட்சதை தூவும் கைகள் அதில் கலங்கித்தான் பதியும். அந்தக் கலங்கலை 8கே இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும், அவ்வளவே.

மூன்றாம் படி: அந்த 4கே எப்படி உருவாகிறது என்று பாருங்கள்

இரண்டு கேமராக்களின் பெட்டியிலும் 4கே என்று அச்சிட்டிருக்கும். படமோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கும். காரணத்தை, ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரில் தேட வேண்டும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான சென்சார்களில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டும் அளக்கிறது: பாதிப் பிக்சல்கள் பச்சையை, கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. மற்ற இரண்டு நிறங்களையும் கேமரா அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. சரியாக 83 லட்சம் பிக்சல் கொண்ட சென்சாரிலிருந்து வரும் 4கேயில் இந்த ஊகம் நிறைய இருக்கும்.

24 மெகாபிக்சல் சென்சாரின் முழு அகலமான 6,000 பிக்சலையும் படித்து, அதை 4கேக்குச் சுருக்கித் தரும் கேமராக்கள் உண்டு. 16:9 பகுதியில் மட்டும் சுமார் 2 கோடி பிக்சலின் தகவல் 83 லட்சத்துக்குள் அடங்குவதால் ஊகம் குறைந்து, படம் தெளிவாகவும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் (நாய்ஸ்) இல்லாமலும் அமைகிறது. வேறு சில கேமராக்கள் வேகத்துக்காக இடையிடையே வரிகளை விட்டுவிட்டுப் படிக்கின்றன. இன்னும் சில, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் லென்ஸின் பார்வைக்கோணம் குறுகிவிடும். சிறிய மணவறைக்குள் பின்வாங்க இடமில்லாத நேரத்தில் அதன் வலி தெரியும். பல கேமராக்கள் நொடிக்கு 25 ஃப்ரேமில் முழு அகலத்தையும் பயன்படுத்திவிட்டு, 50 ஃப்ரேமுக்கு மாற்றியவுடன் இப்படிக் குறுக்கிக்கொள்கின்றன. ஆகவே விவரக்குறிப்பை ஒவ்வொரு ஃப்ரேம் வேகத்துக்கும் தனித்தனியாகப் படிப்பது நல்லது.

வரிகளை விட்டுப் படிக்கும் கேமராவைப் பட்டுப்புடவை காட்டிக்கொடுத்துவிடும். நெருக்கமான சிறு கட்டம் போட்ட காஞ்சிபுரம் பட்டிலும் ஜரிகைக் கரையிலும், இல்லாத அலைகளும் பச்சை, ஊதா நிறக் கோடுகளும் நெளியும். கட்டியிருப்பவர் மூச்சுவிட்டாலே அவை இடம்மாறும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்களிடம் ஒருமுறை சரிசெய்து காட்டச் சொல்லுங்கள்.

பிக்சல் எண்ணிக்கை குறைவாக வைத்தும் மதிப்புப் பெற்ற கேமராக்களுக்குக் குறைவில்லை. சோனி 2020-இல் வெளியிட்ட ஏ7எஸ் 3 வெறும் 12.1 மெகாபிக்சல் சென்சாரைக் கொண்டது. 4கேக்கு மேல் பதிவு செய்யாது. ஆனால் நொடிக்கு 120 ஃப்ரேம் வரை 4கேயில் எடுப்பதும் மங்கிய ஒளியைத் தாங்குவதும் அதனை வீடியோக்காரர்களின் விருப்பக் கேமராவாக்கின. புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்டு, ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரை வென்ற 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்துக்குப் பயன்பட்ட ஆரி அலெக்சா கேமராவின் பதிவு அகலம் 2,880 பிக்சல் மட்டுமே. இன்று நம் கைபேசிகளில் இருக்கும் 4கேயைவிட அது குறைவு.

கைபேசியின் 8கேயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சுமார் 10 மி.மீ. அகலச் சென்சாரில் 7,680 பிக்சல்களை அடுக்கினால் ஒரு பிக்சலின் அளவு 1.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஃப் 1.8 துளை அளவுள்ள லென்ஸ் எவ்வளவு குறையின்றிச் செய்யப்பட்டிருந்தாலும், ஒளியின் இயல்பினால் ஒரு புள்ளியை அது 2.4 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகத்தான் விழவைக்கும். ஒரு புள்ளி இரண்டு பிக்சலுக்குப் பரவும்போது, அந்தப் பிக்சல்களைத் தனித்தனியாகச் சேமிப்பதால் கிடைப்பது பெரிய கோப்பு மட்டுமே.

நான்காம் படி: நிறத்துக்கு எத்தனை பிட்

ஒரே விலையில் 8 பிட் 6கே கேமராவும் 10 பிட் 4கே கேமராவும் எதிரே இருந்தால், தயங்காமல் இரண்டாவதை எடுக்கச் சொல்வேன். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1,024. மேடைப் பின்திரையில் நீலத்திலிருந்து கருமைக்கு மெல்ல இறங்கும் ஒளி, 8 பிட் லாக் பதிவில் (பிறகு நிறத்தைச் சரிசெய்வதற்காக மங்கலாகப் பதியும் முறையில்) நிறத்தைச் சரிசெய்தவுடன் பட்டை பட்டையாகப் பிளந்து தெரியும். அரக்குப் பட்டின் மடிப்புகளும் அப்படியே. இந்தக் குறையைப் பார்ப்பவர் மூன்று மீட்டர் தொலைவிலிருந்தும் கண்டுகொள்வார். 6கேயின் நுணுக்கத்தையோ அவர் ஒருபோதும் காணப்போவதில்லை. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத்தகவல் மட்டும் வைக்கும் 4:2:0 என்ற முறையில் பதியும் 4கே கோப்பில் நிறத்தகவல் ஃபுல் எச்டி அளவிலேயே இருக்கும். அதை ஃபுல் எச்டிக்குச் சுருக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறத்தகவல் கிடைத்துவிடுகிறது என்பது 4கேயில் எடுப்பதன் சத்தமில்லாத இலாபம்.

ஐந்தாம் படி: கார்டு, சூடு, கணினி

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே ஒரு மணி நேரத்தில் 45 ஜிபியை நிரப்பும். மூன்று மணி நேர அரங்கேற்றத்துக்கு 135 ஜிபி. ஆகவே 128 ஜிபி கார்டு மங்களத்துக்குச் சற்று முன்பு நிறைந்துவிடும். 28 மெகாபிட் ஃபுல் எச்டியில் அதே நிகழ்ச்சி 38 ஜிபிக்குள் முடிந்துவிடும். இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் பத்து மணி நேரம் என்று ஒரு திருமணத்தை எடுத்தால் 4கே கோப்புகள் 900 ஜிபி. கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இரண்டாவது பிரதியையும் சேர்த்தால் 1.8 டிபி. முகூர்த்த மாதம் ஒன்றில் இப்படி ஆறு திருமணங்கள் வந்தால் வன்வட்டுக்கு ஆகும் செலவைக் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சென்சாரின் தகவலை அதிகம் பதப்படுத்தாமல் பதியும் முறையான 8கே ராவின் எண்கள் தனி உலகம்: கேனான் 2020-இல் வெளியிட்ட ஈஓஎஸ் ஆர்5 அந்த முறையில் நொடிக்கு 2,600 மெகாபிட் பதிவு செய்தது, ஒரு மணி நேரத்துக்கு அது 1.17 டிபி ஆகிறது.

கார்டின் மேல் வி30 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், அதாவது 240 மெகாபிட் எழுதும் என்று பொருள். 100 மெகாபிட் 4கேக்கு அது தாராளமாகப் போதும். நொடிக்கு 400 மெகாபிட் கேட்கும் முறைகளுக்கு வி60 வேண்டும். எச்.265 என்ற சுருக்க முறையில் பதிந்த 10 பிட் கோப்புகளைப் பழைய கணினியில் திறந்தால் திரை உறைந்து நிற்கும். ப்ராக்ஸி கோப்புகள் (எடிட்டிங்குக்கான சிறிய மாற்றுக் கோப்புகள்) உருவாக்கி எடிட் செய்யலாம், ஆனால் அதற்கு ஓர் இரவு காத்திருக்க நேரிடும்.

சூட்டைப் பற்றி என் அனுபவம் ஒன்று உண்டு. ஒரு கோடையில், குளிர்சாதனம் பெயருக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஓர் அரங்கில், நீண்ட நடன உருப்படியான வர்ணம் சரணத்துக்கு வந்த நேரத்தில் 4கேயில் 50 ஃப்ரேம் பதிந்துகொண்டிருந்த என் முதன்மைக் கேமரா வெப்ப எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. பக்கத்தில் ஓடிய பழைய ஃபுல் எச்டி கேமரா மட்டும் நிற்காமல் பதிந்தது. அந்த வர்ணத்தின் பிற்பகுதி முழுவதும் அதிலிருந்தே எடுக்கப்பட்டது. நடனக் கலைஞரின் குடும்பத்தில் ஒருவரும் வேறுபாட்டைக் கேட்கவில்லை. ஆர்5 அறிமுகமானபோது, 23 டிகிரி வெப்பநிலையில் 8கே தொடர்ச்சியாக 20 நிமிடம் பதியும் என்று அதன் நிறுவனமே அறிவித்திருந்தது. மே மாதத்துச் சென்னையில் 23 டிகிரி எங்கே கிடைக்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பழைய கேமராவை இரண்டாவது கையாக வாங்குவோர் 29 நிமிடம் 59 நொடி என்ற வரம்பையும் கவனிக்க வேண்டும். 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கருதி வரி விதித்ததால் வந்த வரம்பு அது. நம் ஊரிலும், வர்ணம் முப்பது நிமிடத்தைத் தாண்டும்போது கேமரா தானாக நின்றுவிடும்.

ஆறாம் படி: கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

உங்கள் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், முடிவு செய்துவைத்த இரண்டு கேமராக்களிலும் ஒரே லென்ஸ் அளவில் ஒரே காட்சிகளை எடுங்கள். நெருங்கிய கட்டம் போட்ட சட்டையோ பட்டுத்துணியோ ஒன்றை நான்கு மீட்டர் தள்ளி வைத்து, ஜூமை மெதுவாக நகர்த்தினால் அலைக்கோடுகள் எழுகின்றனவா என்பது தெரியும். கடையின் தூண் ஒன்றைக் குறிவைத்துக் கேமராவை வேகமாகத் திருப்பினால், சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராவில் தூண் சாய்ந்து தெரியும். ரெசல்யூஷனைக் குறைத்து அதையே மீண்டும் செய்து, சாய்வு எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரும் வைத்தே கடையின் விளக்குகளை எடுங்கள். 30 ஃப்ரேமில் எடுத்துவிட்டு விளக்கு துடிக்கிறது என்று கேமராவைக் குறை சொல்லக் கூடாது. பிறகு விளக்கு எட்டாத மூலை ஒன்றில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 3200, 6400 இரண்டிலும் கறுப்புத் துணியொன்றை ஒரு நிமிடம் பதியுங்கள். வரவேற்பு நிகழ்ச்சியின் பின்வரிசை எப்படி வரும் என்பதற்கு இது நல்ல அடையாளம். சூட்டைக் கடையில் சோதிக்க முடியாது; வாடகைக்குக் கிடைக்கும் மாடல் என்றால் ஒரு நாள் எடுத்து, மின்விசிறியை நிறுத்திய அறையில் நாற்பது நிமிடம் ஓடவிடுங்கள்.

கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினித் திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிடுங்கள். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்லாமல், வழக்கமாக உட்காரும் இடத்தில் அம்மாவையோ அப்பாவையோ உட்காரவைத்து, எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். நிறத்தையோ அலைக்கோட்டையோ சுட்டிக்காட்டி ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தால் அந்தக் கேமராவை வாங்கலாம். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் இதுவரை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு எடுத்துவந்த அந்த 70–200 லென்ஸைச் சொந்தமாக வாங்கிவிடலாம்.